துளை போடுவதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், பழைய கேம் போய் (Game Boy) என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியை இசைக்கருவியாக மாற்றிக்கொள்வதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக எனக்கு வரும் கடிதங்கள் வானொலி, கசற் ரெக்கோடர், மிக்சி, மின்விசிறி என்று இருக்கும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பற்றியவை. பலரது வீட்டு அலுமாரிகளில், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எப்போதோ வந்த பெட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: விளையாட்டுப் பெட்டியில் எப்படி இசை வரும்? விளையாட்டின் பின்னணி ஓசையைப் பதிவுசெய்து ஒட்டுகிறீர்களா? (கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

இல்லை ஐயா. அந்தப் பெட்டிக்குள் ஒலியை உண்டாக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. விளையாட்டு அதற்குக் கட்டளை கொடுக்கும்போது விளையாட்டின் ஓசை வருகிறது. நாம் கட்டளை கொடுத்தால் நமது ஓசை வரும். அவ்வளவுதான் இரகசியம்.

கேம் போய் முதலில் ஜப்பானில் 1989 ஏப்ரல் 21 அன்று விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யோகோய். நன்றாகப் பழகி விலை மலிந்துபோன உதிரிகளை எடுத்து, அவற்றுக்குப் புதிய உபயோகம் கண்டுபிடிப்பதே அவரது வழி. அதனால்தான் திரையில் நிறம் இல்லை, விளக்கு இல்லை. ஆனால் நான்கு சிறிய பற்றரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பழைய வானொலிகளோடு வளர்ந்த எனக்கு அந்த மனிதரின் மனம் நன்றாகப் புரிகிறது.

அதற்குள் இருப்பவை நான்கு குரல்கள். இரண்டு சதுர அலைக் குரல்கள். ஒன்று, நாமே வடிவம் வரையக்கூடிய அலைக் குரல். நான்காவது வெறும் இரைச்சல். மழை, சலங்கை, தாளக் கருவி எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும். ஒரே நேரத்தில் நான்கு ஓசைக்கு மேல் கேட்காது. இந்த நான்கையும் ஆளுவதற்கென்று மென்பொருள் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஜேர்மனியில் ஒலிவர் விட்சோ என்பவர் 1998 இல் நனோலூப் என்ற ஒன்றை எழுதினார். சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி 2000 ஆம் ஆண்டில் லிட்டில் சவுண்ட் டீஜே என்பதைக் கொண்டுவந்தார். அந்த மென்பொருளை ஏற்றிய கசற்றைச் செருகினால் போதும். (கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயர். ஆனால் நாங்கள் சிறுவயதில் கசற் என்றே சொன்னோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை. திறப்பதெல்லாம் ஒலியைச் சுத்தமாக வெளியே எடுப்பதற்கும் திரையைத் தெளிவாக்குவதற்கும்தான்.

கேள்வி: நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்? (மட்டக்களப்பு வாசகி)

மின்வெட்டினால். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததே, அப்போது என் மேசையில் எந்த வேலையும் ஓடவில்லை. சோல்டரிங் அயன் சூடாகாது. லாச்சியில் என் தம்பியின் கேம் போய் இருந்தது. பெரியம்மாவின் மகன் முந்திய ஆண்டு அனுப்பிய இசைக் கசற்றும் பிரிக்காமலே இருந்தது. நான்கு பற்றரி போட்டேன், ஓடியது. அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மெழுகுதிரியின் பக்கம் சரித்துப் பிடித்து, எந்தக் கோணத்தில் எழுத்து தெரிகிறதோ அந்தக் கோணத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு, ஹெட்போனில் முதல் எட்டு ஸ்வரங்களைக் கட்டினேன். வெள்ளவத்தை முழுவதும் இருட்டு. கீழே மரைன் டிரைவ் பக்கத்திலிருந்து கடலின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த எட்டு ஸ்வரத்தையும் இன்னும் அழிக்கவில்லை.

கேள்வி: நான் வீணை படிக்கிறேன். இதில் கர்நாடக இசை வருமா? வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள். (வெள்ளவத்தை மாணவி, வயது 17)

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பிள்ளை. உங்களுடையது இந்த மாதம் வந்தவற்றுள் மிகச் சிறந்த கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தாளம், அது மிக அழகாக வரும். லிட்டில் சவுண்ட் டீஜேயில் ஒரு துண்டுக்கு 16 வரிகள். அவற்றை 0 முதல் 9 வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் எண்ணுவார்கள். அப்படியே விட்டால் ஆதி தாளத்துக்கு எந்தத் தடையும் இல்லை. மிஸ்ர சாபு வேண்டுமா? தகிட தகதிமி என்று ஏழு அட்சரம். அட்சரத்துக்கு இரண்டு வரி கொடுத்தால் 14 வரி. 0 இலிருந்து டி வரை எழுதிவிட்டு, அடுத்த வரியான ஈ வரியில் எச் என்ற கட்டளையை 00 என்ற எண்ணோடு வையுங்கள். பெட்டி அந்த இடத்திலேயே துண்டை முடித்துக்கொண்டு அடுத்த துண்டுக்குத் தாவிவிடும். கண்ட சாபுவுக்குப் பத்து வரி. ஏ வரியில் வையுங்கள். இந்தக் கட்டளையை நான்கு குரல்களிலும், ஒவ்வொரு துண்டிலும் வைக்கவேண்டும். ஒன்றில் மறந்தால் அந்தக் குரல் மட்டும் 16 வரி ஓடி மற்றவற்றை விட்டு விலகிப்போகும். நான் அதை வேண்டுமென்றே செய்து, ஏழும் எட்டும் எப்போது மறுபடி சமத்தில் சேருகின்றன என்று கேட்டுக்கொண்டிருந்த இரவுகள் உண்டு. கோர்வை கணக்குப் போட்டவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

அடுத்தது சுருதியும் கமகமும். இங்கே பெட்டியின் எல்லை தெரிந்திருக்கவேண்டும். சதுர அலைக் குரல் தன் சுருதியை ஒரு வகுத்தல் கணக்கில் பெறுகிறது: 131072 ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தால் வருவதுதான் அதிர்வெண். 500 ஆல் வகுத்தால் 262.14 ஹேர்ட்ஸ், 501 ஆல் வகுத்தால் 261.62. இரண்டுக்கும் இடையில் அரை ஹேர்ட்ஸ்தான் இடைவெளி. அந்த இடத்தில் இழுப்பும் அசைவும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மேலே போங்கள்: 65 ஆல் வகுத்தால் 2016, 66 ஆல் வகுத்தால் 1986. ஒரே அடியில் 30 ஹேர்ட்ஸ் தாண்டுகிறது. அங்கே கமகம் வைத்தால் படிக்கட்டில் உருளுவது போலக் கேட்கும். ஆகவே அசைவுள்ள ஸ்வரங்களைக் கீழே, மத்திம ஸ்தாயிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது நிற்கும் ஸ்வரங்களை மட்டும் கொடுங்கள்.

தோடியை முழுதாக வாசித்துக் காட்டுவேன் என்று இதில் இறங்காதீர்கள். அது வீணைக்கும் அந்தப் பெட்டிக்கும் செய்யும் அநியாயம். ஆனால் ஹம்சத்வனி, மோகனம் போல நேர் ஸ்வரங்களிலேயே முகம் காட்டும் ராகங்கள் இதில் எவ்வளவு துல்லியமாக நிற்கின்றன என்று கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்று. மூன்றாவது குரலுக்கு அலை வடிவத்தை நீங்களே வரையலாம் என்றேன் அல்லவா? கிடையாக 32 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 16 உயரங்கள். சதுரக் கோடு போட்ட பள்ளிக் கொப்பியில் 32 கட்டம் எண்ணி, பென்சிலால் ஒரு மேடு வரைந்து, அதன் முதுகில் சிறுசிறு பற்களைச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் பெட்டிக்குள் ஏற்றினேன். முதல் நாள் தகரக் குவளையில் தட்டியது போல இருந்தது. பற்களைக் குறைத்துக் குறைத்து வந்து, நான்காம் நாள் தம்புராவின் மந்தர ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய ஓர் ஒலி கிடைத்தது. இந்தக் குரல் 32 ஹேர்ட்ஸ் வரை கீழே இறங்கும். சதுர அலைகள் 64 உடன் நின்றுவிடும். எனவே சுருதியை இந்தக் குரலுக்கே கொடுங்கள். வீணைக்காதோடு நீங்கள் வரைந்தால் நான்கு நாள்கூட ஆகாது என்று நம்புகிறேன்.

கேள்வி: எந்த மாதிரியை வாங்கலாம்? (கண்டி வாசகர்)

முதல் மாதிரி, பின்புறத்தில் டிஎம்ஜி-01 என்று அச்சிட்டிருக்கும், கையில் கனக்கும். கீழ்க்குரல் அதில்தான் நிறைவாக வருகிறது. 1998 இல் வந்த கேம் போய் கலர் தெளிவாக இருக்கும், அடிக்குரல் மெலிவு. பிறகு வந்த அட்வான்ஸ் மாதிரியும் பழைய கசற்றை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் எஸ்பி வடிவத்தில் ஹெட்போன் துளையே இல்லை, மைக்ரோ வடிவத்தில் பழைய கசற் போகாது. வீட்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதிலேயே தொடங்குங்கள்.

கேள்வி: அக்கா, என் பெட்டியில் ஒலி இரைகிறது. அடியில் துளை போட்டு, ஒலி வயர் செருகும் இரண்டு ஆர்சிஏ சொக்கெற் வைக்கப் போகிறேன். நண்பன் துளைப்பான் தருவதாகச் சொல்கிறான். எந்த அளவுத் துளை போடவேண்டும்? (பம்பலப்பிட்டி, பெயர் வேண்டாம் என்றவர்)

தம்பி, துளைப்பானை நண்பனிடமே திருப்பிக் கொடுங்கள். இந்தக் கேள்விக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் மற்ற வேலைகள் இருக்கின்றன.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதன்மைச் சில்லிலிருந்து (மைக்ரோசிப்) இடது, வலது என இரண்டு ஒலிக் கம்பிகள் புறப்படுகின்றன. அவை ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்கு வருகின்றன. சக்கரத்தைத் தாண்டி ஒரு சிறு பெருக்கிக்குள் போகின்றன. அதன் பிறகுதான் ஹெட்போன் துளையும் ஒலிபெருக்கியும். நீங்கள் கேட்கும் சீறலில் பெரும்பங்கை அந்தப் பெருக்கி சேர்க்கிறது. ஆகவே சக்கரத்துக்கு முன்னாலேயே ஒலியைப் பிடித்து வெளியே கொண்டுவருவது நல்ல யோசனைதான். இதைத்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் புரோ சவுண்ட் என்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன் சக்கரத்தையே சுத்தம் செய்தீர்களா? முப்பது வருடத் தூசும் உப்புக்காற்றும் அதற்குள் இருக்கின்றன. திருப்பும்போது கரகர என்று கேட்டால் அது பெருக்கியின் குற்றம் இல்லை. ஐசோபுரொப்பைல் அற்ககோல் இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தை ஐம்பது தடவை முன்னும் பின்னும் உருட்டுங்கள். கசற் உட்காரும் இடத்துப் பற்களையும் மின் சுவிட்சையும் அதே போல. என்னிடம் இரைச்சல் என்று வந்த பெட்டிகளில் பல இந்த இரண்டு சொட்டோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன.

இன்னும் இரைகிறதா? இப்போது திறக்கலாம். பின்புறம் ஆறு திருகாணிகள். நான்கு மூலைகளில் கண்ணுக்குத் தெரியும், இரண்டு பற்றரி அறைக்குள் ஒளிந்திருக்கும். தலையில் மூன்று இதழ் வெட்டு. அதற்கென்று வரும் திருப்புளியை வாங்குங்கள். சாதாரணத் திருப்புளியை வைத்து அமுக்கித் திருப்பினால் தலை மழுங்கிவிடும். மழுங்கிய திருகாணியை எடுக்க ஒரு நாள் போகும். திறந்தவுடன் இரண்டு பாதிகளையும் புத்தகம் போல மெதுவாக விரியுங்கள், வெடுக்கென்று இழுக்கவேண்டாம். நடுவில் ஒரு நாடா வயர் இரண்டையும் இணைத்துக்கொண்டிருக்கிறது.

சக்கரத்தின் கால்களில் எது இடது, எது வலது, எது தரை (கிரவுண்ட்) என்பதை யாரோ போட்ட படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு காலையும் தரையோடு தொட்டுப் பாருங்கள். தரை கிடைத்ததும் மற்றக் கால்களில் எவை சில்லின் பக்கத்திலிருந்து வருகின்றன, எவை பெருக்கியின் பக்கத்துக்குப் போகின்றன என்று தடத்தைக் கண்ணால் தொடருங்கள். மெல்லிய, கவசமுள்ள ஒலி வயர் போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அளந்து வெட்டித் தருவார்கள், சொக்கெற்றும் அங்கேயே கிடைக்கும். அயனை ஒரு காலில் இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். ஈயம் பளபளவென்று ஓடி, அடியில் பாவாடை போல விரிந்து உட்காரவேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வயரைக் கொண்டுபோகும்போது மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகையிலிருந்து தூரமாகக் கொண்டுபோங்கள். திரைக்கு வேண்டிய எதிர்மறை மின்னழுத்தத்தை உண்டாக்குவது அதுதான். பக்கத்தில் போகும் வயருக்குள் அது தன் கீச்சுக் குரலை ஏற்றிவிடும்.

இந்த இடத்திலிருந்து வரும் ஒலியின் அளவைச் சக்கரம் கட்டுப்படுத்தாது. ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சரில்தான் கூட்டிக் குறைக்கவேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது துளை. நீங்கள் வைத்த மூன்று ஈயப் புள்ளிகளையும் நாளைக்கே எடுத்துவிடலாம். பெட்டி பழையபடி ஆகிவிடும். துளையை எடுக்க முடியாது. இன்று டிஎம்ஜி-01 க்குப் புதிய வெளி ஓடுகள் செய்து விற்கிறார்கள். ஒன்றை வாங்கி அதில் துளை போடுங்கள். சொக்கெற்றின் கழுத்தை அளந்து, அதைவிடச் சிறிய துளையில் தொடங்கி, கையால் அரத்தை வைத்துப் பெரிதாக்கிக்கொண்டு வாருங்கள். வேகமான துளைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கும், வெடிக்கவும் வைக்கும். பழைய ஓட்டைத் துடைத்து, திருகாணிகளோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் பெட்டி அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

கேள்வி: பற்றரியில் ஓடும்போது சத்தம் இல்லை. அடப்டரில் போட்டு மிக்சரோடு இணைத்தால் ம்ம்ம் என்று ஒரு முழக்கம். (தெமட்டகொடை)

அது நமது வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ். அடப்டர் ஒரு வழியிலும் மிக்சர் இன்னொரு வழியிலும் தரையைத் தொடும்போது வளையம் உண்டாகி, அதற்குள் முழக்கம் நுழைகிறது. பற்றரியிலேயே ஓட்டுங்கள். மீள ஏற்றும் பற்றரி ஒன்று 1.2 வோல்ட், நான்கும் சேர்ந்து 4.8, பெட்டி அதில் நன்றாக ஓடும். அடப்டர்தான் வேண்டும் என்றால் 6 வோல்ட் நேர்மின்னோட்டமா, எந்த முனை நேர் எந்த முனை எதிர் என்று மீற்றரால் அளந்த பிறகு மட்டும் செருகுங்கள். அடப்டரைத் திறக்கவேண்டாம், அதற்குள் 230 வோல்ட்.

கேள்வி: திரையில் மேலிருந்து கீழாகக் கோடுகள் காணாமல் போயிருக்கின்றன. அதோடு பின்விளக்கும் போடவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமா? (நீர்கொழும்பு)

கோடுகளைத் திருத்தலாம். அது இந்தப் பெட்டியின் முதுமை நோய். திரையின் கீழ் விளிம்பில் ஒரு நாடா, கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்; அந்த ஒட்டு வருடங்கள் போகப் போகத் தளர்ந்துவிடுகிறது. முன்பாதியைத் திறந்து, நாடாவை மூடியிருக்கும் மெல்லிய ரப்பர்ப் பட்டையைத் தூக்குங்கள். பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே, குறைந்த சூட்டிலுள்ள அயனின் பக்கவாட்டை அந்த விளிம்பின் மேல் மெதுவாக இழுங்கள். சட்டைக் கழுத்துப் பட்டிக்கு இஸ்திரி போடுவது போல, அழுத்தம் இல்லாமல். காணாமற்போன கோடு மங்கலாகத் தெரியும். இன்னொரு இழுப்பில் கறுக்கும். முதல் தடவை அது கண் முன்னால் திரும்பி வருவதைப் பார்த்தபோது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் நாடா கருகிவிடும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

பின்விளக்கு வேறு கதை. இதை எழுதுவதற்குக் கொஞ்சம் கடினமாக இருக்கிறது. மெழுகுதிரியோடு கழுத்தை வளைத்தேன் என்று மேலே சொன்னேன் அல்லவா? மின்வெட்டு முடிந்த பிறகு விளக்குத் தகடு ஒன்றை வரவழைத்தேன். அதை வைக்கவேண்டும் என்றால் திரைக் கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளை உரிக்கவேண்டும். மூலையில் சவர அலகை நுழைத்து உரித்தேன். முக்கால்வாசி ஒழுங்காக வந்தது. கடைசி மூலையில் பசை விடவில்லை. அன்று மாலை ஒரு திருமண வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, நேரம் பார்த்துக்கொண்டே இழுத்தேன். டிக் என்று ஒரு சிறு சத்தம். கண்ணாடியின் மூலையில் முடி போல ஒரு வெடிப்பு ஓடி, திரையின் நான்கில் ஒரு பங்கு கறுத்துப்போனது. அது என் தம்பியின் பெட்டி. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்வாசல் படியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. புதிய திரை வாங்கிப் போட்டேன், பெட்டி இப்போதும் ஓடுகிறது. ஆனால் அவன் பார்த்த கண்ணாடி அது இல்லை.

ஆகவே ஒரே நாளில் செய்யாதீர்கள். கோடுகளை இந்த வாரம் திருத்துங்கள். ஒரு மாதம் அதில் இசை கட்டிப்பாருங்கள். மேசை விளக்கின் கீழே வேலை செய்யமுடிகிறது என்றால் பின்விளக்கே வேண்டாம். விளக்கும் தன் பங்குக்கு இரைச்சலைக் கொஞ்சம் கூட்டும், பற்றரியையும் தின்னும். அப்படியும் வேண்டுமென்றால், உடைந்தால் அழாத ஒரு பெட்டியை வாங்கி அதில் உரித்துப் பழகுங்கள்.

கேள்வி: பற்றரி அறையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. தூக்கி எறியலாமா? (கல்கிசை, கடற்கரை வீதிக்கு அருகில்)

எறியவேண்டாம். அல்கலைன் பற்றரி கசிந்தால் வெளிவருவது காரம். காரத்துக்கு மருந்து புளிப்பு. பஞ்சு சுற்றிய குச்சியைத் தேசிக்காய்ச் சாற்றில் தொட்டு அந்தப் பூவின் மேல் வையுங்கள்; பொங்கும். பொங்கல் அடங்கும்வரை மாற்றி மாற்றித் தொடுங்கள். பிறகு தண்ணீரில் நனைத்த குச்சி, கடைசியாக அற்ககோல். தேசிக்காய் உலோகத்தில் தங்கிவிட்டால் அதுவே கறள் பிடிக்கவைக்கும், ஆகவே நடுவில் தண்ணீரை மறக்கவேண்டாம். சுருளின் பூச்சு முழுதாகப் போயிருந்தால் புதிய சுருள் வாங்கி மாற்றுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள், உபயோகிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி, பெட்டியை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது நல்லது. நானும் அப்படித்தான்.

கேள்வி: பெட்டி வாங்க வசதி இல்லை. (ஹற்றன், உயர்தர மாணவர்)

பெட்டி இல்லாமலே தொடங்கலாம், தம்பி. கணினியில் எமுலேற்றர் (இந்தப் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு அதே மென்பொருளை ஓட்டலாம். விரல்களுக்கு வேலை பழகிய பிறகு பெட்டி தானாக வந்து சேரும். கட்டியதை எனக்கு அனுப்புங்கள், கேட்கிறேன்.

கேள்வி: என் அண்ணா இறந்து ஒன்பது வருடம். அவருடைய கேம் போயும் ஒரு விளையாட்டுக் கசற்றும் இருக்கின்றன. என் மகள் இசை கட்ட ஆசைப்படுகிறாள். பெட்டியை உங்களிடம் தந்தால் மாற்றித் தருவீர்களா? கசற்றில் பற்றரி தீர்ந்திருக்கும் என்று கடையில் சொன்னார்கள், மாற்றச் சொல்லட்டுமா? (தெஹிவளை)

சகோதரி, கசற்றைக் கடையில் கொடுக்கவேண்டாம். தயவுசெய்து இதை இன்றே வாசியுங்கள்.

அந்தக் கசற்றுக்குள் ஒரு நாணயப் பற்றரி இருந்தால், அது விளையாட்டை ஓட்டுவதற்கு அல்ல. விளையாடியவர் சேமித்து வைத்ததை நினைவில் வைத்திருப்பதற்கு. உங்கள் அண்ணா தன் பெயரை எழுதிச் சேமித்திருந்தால் அந்தப் பெயர், எட்டிய இடம், சேர்த்த பொருட்கள் எல்லாம் அந்தச் சிறு பற்றரியின் தயவில்தான் நிற்கின்றன. சில கசற்றுகளில் இவை இருபது வருடத்துக்கு மேலும் தாங்குகின்றன. அதைக் கழற்றிய கணமே எல்லாம் அழிந்துவிடும். புதியது போட்டாலும் திரும்பாது.

முதலில் கசற்றின் பற்களை அற்ககோல் தொட்ட குச்சியால் துடைத்து, ஈரம் காயவிடுங்கள். பெட்டியை அணைத்த நிலையில் வைத்துச் செருகி, பிறகு ஓடவிடுங்கள். தொடர்ந்து விளையாடு என்ற தெரிவு வருகிறதா, அவர் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். புதிய விளையாட்டைத் தொடங்கவோ சேமிக்கவோ வேண்டாம். பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

பெயர் இருந்தால், கசற்றை வாசித்துக் கணினியில் பிரதி எடுக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. சேமித்ததை முதலில் கணினிக்கு எடுப்போம், இரண்டு இடங்களில் வைப்போம். அதன் பிறகு கசற்றைத் திறந்து, காது (ஈயம் வைப்பதற்கான சிறு உலோகத் தகடு) வைத்த புதிய பற்றரி போட்டு, பிரதியைத் திரும்ப ஏற்றுவோம். (நாணயப் பற்றரியின் மேல் நேரடியாக ஈயம் வைக்கக்கூடாது, சூட்டில் வெடிக்கலாம், அதனால்தான் காது வைத்தது.) பெயர் ஏற்கெனவே போயிருந்தால், அதையும் மறைக்காமல் உங்களுக்குச் சொல்வேன்.

மகளுக்கு இசைக் கசற் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். அண்ணாவின் பெட்டியில் அதைச் செருகினால் போதும், திறக்கவே வேண்டாம். அவளிடம் இப்போதே ஒன்று சொல்லி வையுங்கள்: கட்டிய பாடல்கள் நிற்பதும் பெரும்பாலும் இதே மாதிரி ஒரு பற்றரியில்தான். 32 பாடல் வரை சேமிக்கலாம், ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை கணினிக்குப் பிரதி எடுக்கவேண்டும்.

சனிக்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கசற்றைத் துணியில் சுற்றிக் கைப்பையில் தனியாக வையுங்கள், சாவிக்கொத்தோடு போடவேண்டாம்.